மூன்று தட்டுக்கு வந்த பதில்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் மரத்தில் பூச்சி இருக்கும் என்பதால், கன்டெய்னரை மூடி உள்ளே விஷவாயு செலுத்துவோம். எங்கள் பேச்சில் அதற்கு 'கேஸ் போடுறது' என்று பெயர்.

கேஸ் போடும் முன் கதவை இரும்புக் கம்பியால் மூன்று முறை தட்டிக் காது வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். ஒருமுறை யார்டுப் பூனை ஒன்று உள்ளே மாட்டிச் செத்துப் போனதிலிருந்து அப்படி. அந்த வேலையை என்னிடம்தான் கொடுப்பார்கள். எனக்குப் பாம்புக் காது என்று யார்டில் பேர். எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு.

அன்று வந்தது தென் அமெரிக்கத் தேக்கு. கடலில் மட்டும் ஒன்றரை மாதம் வந்த சரக்கு. கதவு வரை கட்டைகள் அடுக்கியிருந்தன. லேசாகத் திறந்து குழாயைச் சொருகி மூடிவிட்டுத் தட்டினேன். உள்ளே எங்கோ ஆழத்தில் கீச்சென்று ஒரு சத்தம். மறுபடி தட்டினேன். மறுபடி கீச். இந்த முறை கிட்டத்தில்.

கூட வேலை செய்யும் தோஸ்து, புளியந்தோப்புக்காரர், டேப்பும் கையுமாக நின்றார். "எலி மாமு. கேஸ்ல அதுவும் போய்டும், உடு. மணி இன்னா ஆவுது பாரு."

எலிச் சத்தம் எனக்குத் தெரியும். அது எலி இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் மகளுக்குப் பிறந்தநாள். கதவைத் திறந்தால் கட்டைகளை இறக்க வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும், பொழுது போய்விடும். பாரத்தில் 'உள்ளே உயிர் எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கதவு இடுக்குகளில் டேப் ஒட்டினோம். டேப் உரியும் சத்தத்துக்கு அடியில் அந்தக் கீச் கேட்டுக்கொண்டே இருந்தது. கேஸைத் திறந்துவிட்டுக் கிளம்பினேன். மாத்தூர் வீட்டுக்குப் போய் கேக் வெட்டினோம்.

திங்கள் காலை கதவைத் திறந்து காற்றாட விட்டோம். கட்டைக்கும் கதவுக்கும் நடுவே அது கிடந்தது. நீண்ட மூக்கு, பட்டை பட்டையாய் வால், விரல் விரலாய்க் கை. மூக்கைக் கதவு ரப்பரில் அழுத்தியபடியே செத்திருந்தது.

"இன்னா ஜந்து மாமு இது? கீரி மாரியும் இல்ல, நாய் மாரியும் இல்ல," என்றார் தோஸ்து.

தகவல் சொன்னதும் கால்நடை மருத்துவர் அம்மா ஒருவர் வந்தார். அதன் பெயர் கோட்டி, ரக்கூனுக்குச் சொந்தக்கார விலங்கு, அந்தப் பக்கத்துக் காடுகளில் இருப்பது என்றார். கட்டைகளின் பட்டையெல்லாம் கீறியிருந்ததைக் காட்டினார். பட்டைக்குள் இருந்த புழுவையும் வண்டையும் தின்று, கூரையில் வேர்த்த தண்ணீரை நக்கி, அத்தனை நாள் உயிரோடு வந்திருக்கிறது.

"இது பெண்ணு. இதுல பெண்ணுங்க கூட்டமா வாழும். கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சுட்டா கீச் கீச்னு கூப்பிட்டுட்டே இருக்கும், பதில் வர்ற வரைக்கும்," என்றவர் என்னைப் பார்த்தார். "கேஸ் போடும்போது சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

"இல்ல மேடம்," என்றேன்.

தோஸ்து என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அந்தப் பொய்யைச் சொன்ன வாய் அன்று முழுக்கக் கசந்தது. யார்டின் ஓரத்தில் அந்த அம்மா சொன்ன இடத்தில் நானே குழி வெட்டினேன். தூக்கும்போது கனமே இல்லை, வெறும் எலும்பு. ஒன்றரை மாதக் கடலைத் தாண்டிய உயிரை, கரைக்கு வந்த பிறகு நான் கொன்றுவிட்டேன். அழுகையாக வந்தது.

இப்போதும் அதே வேலைதான். தட்டிவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரமாவது காது வைத்து நிற்கிறேன். லேட்டாகுது என்று யார் கத்தினாலும் கத்தட்டும். எனக்குப் பாம்புக் காது என்று யாராவது சொன்னால் மட்டும் அங்கே நிற்க முடிவதில்லை. அன்று என் தட்டலைத் தன் கூட்டத்தின் பதில் என்று நம்பித்தான் அது கதவு வரை வந்திருக்கும் என்ற நினைப்பு, மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக்குக்கு முன்னால் நிற்கும்போது என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.