பெட்டிக்குள் இருந்த அந்தமான்

வரைபடம் கைக்கு வந்தால் முதலில் அதன் அளவுவிகிதம் எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம், அதைப் பார்க்காமல் கையெழுத்திட்டவர்களின் கோப்புகளைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளினேன். அந்தப் பிழையை நான் செய்து முடித்தது நாலாம் வகுப்பில்.

டீச்சர் அன்று வகுப்பறையை நோட்டில் வரையச் சொன்னார். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். அவருடைய மேஜை என் விரல்நகத்துக்குள் அடங்கியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பிறகு சுவரில் தொங்கிய இந்தியப் படத்தைக் காட்டி, இதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நூறு கிலோமீட்டர் என்றார். எனக்கு உடனே சொந்த வேலை ஒன்று வந்துவிட்டது.

சித்தியின் பிரசவத்துக்காக அம்மா மெட்ராஸ் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் மாலை அங்கிருந்து கப்பல் ஏறிவிட்டாள். நாளை மறுநாள் காலை வந்துவிடுவாள் என்றார் அப்பா. நான் படத்தில் மெட்ராஸிலிருந்து எங்கள் அந்தமான்வரை ஸ்கேலை வைத்து அளந்தேன். நான்கு சென்டிமீட்டர், நானூறு கிலோமீட்டர். கப்பல் மணிக்கு இருபது கிலோமீட்டர் போகும். ஆக, அம்மா இன்று மதியமே வந்தாக வேண்டும்.

பள்ளி விட்டதும் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என்னைத் தான் வேலை பார்த்த ஹேடோ ஜெட்டிக்குக் கூட்டிப் போனார்.

கப்பல் எதுவுமின்றிக் கடல் காலியாக இருந்தது. வாட்ச்மேன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "க்யா பாய்சாப், ஜஹாஜ் நாளன்னிக்குன்னு காலையில நீங்கதானே போர்டுல எழுதிப் போட்டீங்க?"

"எம்மவ கணக்குப்படி இன்னைக்குல்லா வருது," என்றார் அப்பா. "வந்தா வரட்டுமே."

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்கிலிருந்த டீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.

மறுநாள் டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, படத்தில் நம் தீவுகளைச் சுற்றியிருந்த பெட்டியைக் காட்டினார். தாளில் இடம் போதாமல் தீவுகளைத் தூக்கி வந்து மெட்ராஸுக்குப் பக்கத்தில் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்களாம். உண்மையில் பன்னிரண்டு சென்டிமீட்டர். அறுபது மணி நேரம். நாளைக் காலை.

மாலையில் அப்பாவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார். பிறகு அதே சட்டையை எடுத்து மாட்டினார்.

"இருந்தாலும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவமா?"

அப்பாவுக்குக் கணக்கு வராது என்று அன்றுதான் முடிவு செய்தேன். பாவமாக இருந்தது; கூடவே போனேன்.