வேலிப் பற்றரியில் ஓடிய ரோபோச் சண்டை

இன்று மாலை கரடியனாற்றில் மச்சானின் வயலுக்குக் காவலுக்குப் போனேன். மரத்தின் மேல் பரண். பொழுது போகாமல் போனில் ஸ்பீக்கர் பூட்டி ஜப்பான் கார்ட்டூன் ஒன்று பார்த்தோம்.

மலை உயர ரோபோக்கள் இரண்டு, வானத்திலிருந்து விழுந்த ஒரு சக்திக் கல்லுக்காக அடித்துக்கொண்டன. ஸ்பீக்கர் சத்தத்தில் பரணே அதிர்ந்தது.

"சத்தத்தக் குறை மச்சான்."

"நான் அப்பவே நிப்பாட்டிட்டன்டா."

பரண் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

கீழே கிளை முறிந்தது. யானை என்ற சொல்லை இந்த வயல் வட்டைக்குள் யாரும் வாயால் சொல்வதில்லை, சொன்னால் வந்துவிடுமாம். (எழுதலாம் என்று நினைக்கிறேன்.)

"பெரியவர் வந்திட்டார்," என்றான் மச்சான்.

"மின்வேலி கிடக்குத்தானே?"

அவன் ஸ்பீக்கரைக் காட்டினான். அதன் வயர் போய் முடிந்த இடத்தில் வேலியின் சோலார் பற்றரி இருந்தது. கழற்றி மேலே கொண்டு வந்திருக்கிறான்.

"படம் பாக்கத்தான்டா..."

இரண்டு பெரியவர்கள் இப்போது எங்கள் மரத்தில் முதுகு தேய்க்கிறார்கள். பரணில் இருந்தபடியே போனில் இதை எழுதுகிறேன்.

பற்றரியைத் திரும்ப மாட்ட யாராவது ஒருவர் கீழே இறங்க வேண்டும். மச்சான் என்னைப் பார்க்கிறான்.

இவனைத் தள்ளிவிட்டால் தப்பா? கெதியாகச் சொல்லுங்கள்.