குறுக்கே நிற்க ஓர் ஆள்

என் பெண்ணின் கல்யாணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், என் வீட்டுக்காரரைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு முன்னால் நட்டு வைத்ததுதான்.

மனிதர் நல்ல அகலம். எங்கே நின்றாலும் அது யாரோ போகிற வழியாகத்தான் இருக்கும். அடுப்படியில் நின்றால் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது; கூடத்தில் நின்றால் டிவி தெரியாது. "குறுக்க நிக்காதீங்கப்பா, நவுருங்க" என்பதுதான் என் பெண் தன் அப்பாவிடம் அதிகம் பேசிய வசனம். நானும் சளைத்தவள் இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். பந்தி என்று குரல் கேட்டதுமே எங்கள் சனம் வாசலை அடைத்துக்கொண்டது. ஆளுக்கொரு தோளை நுழைத்ததில் ஒருத்தராலும் நகர முடியவில்லை. என் மாமா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முழங்கையால் இடித்தார். மாப்பிள்ளையின் அம்மா வெளியிலேயே நின்றார். எங்கள் ஆட்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கு இலை கிடைத்தது. கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்: "கல்யாணத்துலயாவது எங்களுக்குச் சோறு போடுவீங்களா சம்மந்தி?"

இன்னொரு தடவை முதல் பந்தி தவறினால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வீட்டில் காலமெல்லாம் சொல்லடி படப்போகிறவள் என் பெண்.

அப்போதுதான் கடுகு ஞாபகம் வந்தது. நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே ஒரு சாய்வுப் பலகை வைத்திருந்தோம். பலகை முழுக்க ஆணிகள். அடியில் குறுகலாக ஒரு வாய். கடுகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் ஆணிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு ஒழுங்காக இறங்கிவிடும். மொத்தமாகக் கவிழ்த்தால், வாயருகே நாலைந்து கடுகு ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து வளைவு கட்டி நின்றுகொள்ளும். பின்னால் வருவது தள்ளத் தள்ள அது இறுகும். வேடிக்கை என்னவென்றால், வாய்க்குச் சற்று மேலே தனியாக ஓர் ஆணி அடித்துவிட்டால் அடைப்பு குறையும். தள்ளுகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். வாயை ஒட்டி அடித்தால் மட்டும் காரியம் கெட்டது.

எனக்கு ஓர் ஆணி தேவைப்பட்டது. வீட்டிலேயே இருந்தது.

"ஏங்க, பந்தி நேரத்துல வாசலுக்கு ரெண்டு எட்டு இந்தப் பக்கம், நட்டநடுவுல நிக்கணும். யாரு வந்தாலும் நவுரக் கூடாது."

"குறுக்கயா?" என்றார் சந்தேகத்தோடு.

"குறுக்கதான்."

அந்த முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்கு அப்பா என்ற உத்தியோகம்கூட அன்று அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் மண்டபம். தாலி ஏறியதும், அட்சதை போட்ட கையை உதறுவதற்குள் சனம் பாய்ந்தது. நாற்காலிகள், பூத்தொட்டிகள், தாம்பூலப் பை மேசை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்த கூட்டம் இவர் மேல் மோதி, இரண்டாகப் பிரிந்து, சாதுவாக உள்ளே போனது. சொல்தா மாமாகூட மரியாதையாக நடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்தா உள்ளே பாயச வாளி போக வேண்டும்! வாசனை பிடித்த என் ஆணி வாசல் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தது. எட்டிப் பார்க்க இன்னோர் எட்டு. அவ்வளவுதான், அடைத்துக்கொண்டது. ஒரு பக்கம் மாமாவின் முழங்கை, மறுபக்கம் இவருடைய தொப்பை, நடுவில் சம்மந்தியம்மா.

"முன்னால வாங்க!" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் முன்னால் வந்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது ஒலிபெருக்கியில், மணமேடையிலிருந்து என் பெண்ணின் குரல் அதட்டியது: "அப்பா! குறுக்க நிக்காதீங்க, நவுருங்க!"

பழகிய உடம்பு. யோசிக்காமல் விலகி, பழைய இடத்துக்கே வந்து நின்றார். அடைப்பு உடைந்தது. மண்டபமே சிரித்தது. சம்மந்தியம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும் நேரம். காரின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். இவர் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார், நட்டநடுவில். நட்டவள் நான்தான், நகரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்மந்தியம்மா மெதுவாக, "நிக்கட்டும், ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

என் பெண் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அப்பாவைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவு வழியாக ஏறினாள்.