கால்வாய் நகரத்துக்குப் போய்வந்த கோட்டு

மேல்மாடி வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் வைத்து என் கையில் ஒரு சாக்லேட் பெட்டியைத் திணித்தார். "ஆம்ஸ்டர்டாம் போயிருந்தோம் சார், குடும்பத்தோட. சும்மா ஒரு ரவுண்டு" என்றார். அந்தச் 'சும்மா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் மாடி வருவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இத்தனைக்கும் நானும் அந்த ஊரைப் பார்த்தவன்தான். தலை நரைத்தால் பொறாமையும் கொஞ்சம் வெளுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

சாக்லேட்டில் தொடங்கிய வியாதி இது. ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டியில் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே இருந்த நாட்களில், எங்கள் அலுவலகத்தில் அவ்வப்போது ஒற்றை வரியில் ஒரு மின்னஞ்சல் வரும்: என் மேசையில் சாக்லேட் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர் அனுப்புவது. அடுத்த நிமிடம் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். நானும் போவேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கை குலுக்குவேன். அப்போது மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சாக்லேட்டையாவது மன்னிக்கலாம். கோட்டு இருக்கிறதே, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் குழு வேலை பார்த்துக் கொடுத்த கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. முதன்முதலில் அங்கே போனவர் குளிருக்கு ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு வாங்கினார். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு. ஹைதராபாத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்துப் போனவரிடம் கொடுத்தார். அவர் அதற்கடுத்தவரிடம் கொடுத்தார். ஆள் குண்டோ ஒல்லியோ, போகிறவருக்கு அந்தக் கோட்டுதான் என்று வழக்கமாகிவிட்டது. கோட்டு கைக்கு வந்தால் விசா வந்த மாதிரி.

எனக்கும் அது வந்தது, சலவைக்கு. எங்கள் வீடு லாலாகுடாவில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், திருமுல்கேரியில், ராணுவ அதிகாரிகளின் கம்பளி உடுப்புகளை டிரை கிளீன் செய்யும் கடை ஒன்று இருந்தது. கம்பளியென்றால் அந்தக் கடைதான் என்று நானே ஒருநாள் சொல்லித் தொலைத்துவிட்டேன். அதிலிருந்து, யார் திரும்பி வந்தாலும் கோட்டை என் ஸ்கூட்டரில் ஏற்றிவிடுவார்கள். நான் வெளுத்து வாங்கி, பாச்சை உருண்டை போட்டு, எங்கள் வீட்டு பீரோவில் மாட்டிவைப்பேன். பிறகு வேறு யாரோ வந்து போட்டுக்கொண்டு போவார்.

"மறுபடி வந்துடுச்சா இது? இந்தத் தடவை நீ போறியா?" என்பார் அப்பா.

"இல்லப்பா. கிரண் போறான்."

"ஹவ்" என்று தலையாட்டிவிட்டு ரேடியோ பக்கம் திரும்பிக்கொள்வார். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டைத் தமிழோடு லாலாகுடா உருதுவும் அவர் வாயில் கலந்துவிட்டிருந்தது. ஹவ் என்றால் ஆமாம். அந்த ஒரு சொல்லில் அவரால் என்னைத் தேற்றவும் முடியும், குத்தவும் முடியும்.

கிரண் எனக்குப் பின்னால் சேர்ந்த பையன். வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தான். போய்வந்ததும் மீட்டிங் ரூமில் திரையை இறக்கி எல்லோருக்கும் படம் காட்டினான். தண்ணீரை எட்டிப் பார்ப்பது போல முன்னால் சாய்ந்த ஒல்லி வீடுகள், மேசை நாற்காலிகளை மேலே ஏற்ற உச்சியில் கொக்கி, கண்ணாடிக் கூரை போட்ட படகு, வளைந்த பாலங்கள். எங்கள் ஊர் மூசி ஆற்றைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களான நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோட்டு. நான் வெளுத்துக் கொடுத்த கோட்டு! முடிந்ததும் என் தோளில் கை போட்டு, "நுவ்வு தப்பகுண்டா வெள்ளாலி அன்னா" என்றான். நீ கட்டாயம் போகவேண்டுமாம். எனக்குப் பதிலாகப் போய்வந்தவன் எனக்குச் சொல்கிறான்.

என் முறையும் வந்தது, பேகம்பேட்டை விமான நிலையம் மூடப்படுவதற்குக் கொஞ்சம் முன்பு. பெட்டி முழுக்கப் பருப்புப் பொடியும் குக்கரும் நிறைந்துவிட்டதால் கோட்டுக்கு இடமில்லை. ஹைதராபாத் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றேன். அப்பா தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "பட்டனைப் போடுறா, நல்லா இருக்கும்" என்றார்.

அங்கே இறங்கி ரயில் பிடித்து, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே தண்ணீர். நெஞ்சு ஒருமுறை துள்ளியது. மறு நிமிடமே, இதைத்தான் பார்த்தாகிவிட்டதே என்று தோன்றியது. கிரண் காட்டிய படங்களுக்குள்தான் நான் நடந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை டிராம் ஏறி, படகில் போய், பாலங்களில் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். எங்கே நின்றாலும் எனக்கு முன்னால் அவன் நின்ற இடம். தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரி, "அட, கிரணின் கோட்டு!" என்று கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். கோட்டுப் பையில் எனக்கு முன்னால் போனவர்களின் படகு டிக்கெட்டுகள் மடங்கிக் கிடந்தன. எனக்கென்று இந்த ஊரில் ஒன்றுமே மிச்சம் வைக்கமாட்டீர்களா என்று கோபம்கூட வந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. கால் போன போக்கில் நடந்து, சுற்றுலாப் படகுகள் வராத ஒரு குறுகலான கால்வாய்க்கு வந்தேன். அங்கே ஒரு தட்டைப் படகில் சிறிய கிரேன். இரும்புக் கை தண்ணீருக்குள் இறங்கியது, துழாவியது, மேலே வந்தது. அதன் பிடியில் சைக்கிள்கள்! பாசியும் சேறும் வழிய, துருப்பிடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. மறுபடி இறங்கியது. மறுபடி சைக்கிள்கள். அந்த ஊரில் சைக்கிள் தண்ணீருக்குள் போய்ச் சேருவதும், அதை வாரி எடுப்பதும் சாதாரணம் போலிருக்கிறது, தெருவில் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னால் நகர முடியவில்லை. சின்ன வயதில் லாலாகுடாவில் சங்கு ஊதியதும் ஒர்க்‌ஷாப் கேட்டிலிருந்து சைக்கிள்கள் கொத்துக் கொத்தாக வெளியே வரும். கூட்டத்தில் அப்பாவின் சைக்கிளைத் தேடிக்கொண்டு வாசலில் நிற்பேன். அப்படித்தான் அங்கேயும் நின்றேன். படகில் இருந்த மஞ்சள் சட்டைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, குவியலில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைத் தட்டினார். அது சுற்றியது. குளிரில் கைகளைப் பைக்குள் விட்டவன் படம் எடுக்க மறந்தேபோனேன்.

திரும்பி வந்து நானும் அந்த ஒற்றை வரி மின்னஞ்சலை அனுப்பினேன். இரண்டொருவர் வந்தார்கள். அதற்குள் பாதி அலுவலகம் லண்டனும் டல்லாஸும் பார்த்துவிட்டிருந்தது. சைக்கிள் கதையைத் தொடங்கினேன். "படம் இருக்கா?" என்றான் ஒருவன். இல்லை என்றதும் போய்விட்டான். இத்தனை வருடம் பொறாமைப்பட்டவனுக்கு, தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஓர் ஆள் கிடைக்கவில்லை. மிஞ்சிய சாக்லேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பாதான் கேட்டார்.

"சைக்கிளா? தண்ணிக்குள்ளயா?"

"ஆமாப்பா. குவியல் குவியலா."

"கைக்குடா போட்டாங்க? நல்ல வண்டிங்களா? செயின் இருந்துச்சா?"

கைக்கு என்றால் எதற்கு. விடவில்லை மனிதர். நான் சொல்லச் சொல்ல, "ஹவ், அப்புறம்?" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

அந்த ஆம்ஸ்டர்டாம் கம்பெனி வேலை பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது. கோட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. குளிர்காலக் காலைகளில் அப்பா அதை மாட்டிக்கொண்டு இரானி ஓட்டலுக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் பின்னாலேயே போய் நின்றேன். பழைய ஒர்க்‌ஷாப் நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அப்பா கையை இரும்புக் கொக்கி மாதிரி வளைத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கதையில் சேற்றிலிருந்து வந்த ஒரு சைக்கிளில் பெல் அடித்தது. கேட்டவர்கள் டீயைக் குடிக்க மறந்து, இவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்பது போல அவரையே பார்த்தார்கள். எனக்கு வரவேண்டிய பார்வை அது. பெற்ற தகப்பன் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

அப்பா இப்போது இல்லை. அவர் சாமான்களோடு கோட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டோம். பேகம்பேட்டையில் வழியனுப்ப இப்போது யாரும் கூடுவதில்லை. அந்த இரானி ஓட்டல் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கிரண் ஆம்ஸ்டர்டாமிலேயே வீடு வாங்கிவிட்டான் என்று கேள்வி. அதற்கும் ஒருநாள் முழுக்க எரிந்தேன்.

சாக்லேட் பெட்டி கிடைத்த அன்று சாயங்காலம், லாலாகுடா பக்கம் போனபோது அப்பாவின் நண்பர் ஒருவர் அடையாளம் கண்டு நிறுத்தினார். கண் மங்கிவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"உங்கப்பன் மாதிரி யார்ரா? எங்க செட்டுலயே ஃபாரின் பாத்தவன் அவன் ஒருத்தன்தான். கோட்டு என்ன, நடை என்ன! அந்தக் கால்வாய்ல சைக்கிள் எடுத்ததைச் சொல்லுவான் பாரு, கேட்டுக்கிட்டே இருக்கலாம். நீ போயிருக்கியா தம்பி அந்த ஊருக்கு?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல மாமா" என்றேன். "அப்பா சொல்லிக் கேட்டதுதான்."