அடைத்துவிட்ட ஓட்டைகள்

ஃபிட்டருக்குச் சகலையைக் கண்டாலே ஆகாது. இவர் வீடு கட்டினால் அவர் அதற்கு மேல் ஒரு மாடி கட்டுவார். ஏலத்தில் இவர் பழைய ராணுவ லாரி ஒன்றை எடுத்தபோது, டைல்ஸ் கடை வைத்திருக்கும் அந்தச் சகலை பக்கத்தில் நின்ற அதன் ஜோடியை எடுத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் ஃபிட்டர் தன் லாரியோடு மல்லுக்கட்டினார். துருவைச் சுரண்டி, ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்தார். சகலையோ தன் லாரியில் உடைந்த டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிவிட்டு மறந்தே போனார். அதை நினைத்தால்தான் ஃபிட்டருக்குச் சோறு இறங்கும்.

அருங்காட்சியக வாசலுக்கு ஒரு லாரி வேண்டியிருந்தது. ராணுவத்தில் அது என்ன வேலைக்கு அமைக்கப்பட்டது என்று வண்டியைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். டார்ச்சோடு வந்த அதிகாரி அம்மா ஃபிட்டரின் லாரியைக் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். வேலை சுத்தம், ஆனால் ஒரு தடயமும் இல்லையே என்றார். ஃபிட்டர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் வேலைக்குத்தானே இழுக்கு.

அடுத்தது சகலையின் லாரி. அவர் மூக்குடைபடுவதைப் பார்க்க ஃபிட்டரும் கூடவே போனார். பெட்டிகளை நகர்த்தியதும் துருப்பிடித்த தளத்தில் நாலு ஓட்டைகள், பக்கத் தகட்டில் நீளமாக இன்னொன்று. துப்பாக்கி மாட்டிய இடம் என்று சகலை அடித்துவிட்டார். அதிகாரி இல்லை என்று தலையை ஆட்டினார். துப்பாக்கிக்கு இந்த அளவு பொருந்தாது, இதுவும் புரியாததால் பார்வைக்கு நன்றாக இருக்கும் முதல் லாரியே போதும் என்று நோட்டை மூடினார்.

ஃபிட்டர் ஜெயித்துவிட்டார். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சகலையின் மனைவி, அதாவது இவருடைய கொழுந்தியாள், தன் வீட்டுக்காரருக்கு லாரி விஷயமெல்லாம் அத்துப்படி என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். ஃபிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துப்பாக்கியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது ஒயர்லெஸ் செட்டு வெச்சிருந்த பெஞ்சோட போல்ட்டு ஓட்டை. ஏரியல் ஒயரு அந்த நீள ஓட்டை வழியா வெளிய போகும்."

அதிகாரி மறுபடி நோட்டைத் திறந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வண்டியில பெஞ்சே இருந்துச்சு. கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். ஓட்டை அசிங்கமா இருக்குன்னு நான்தான் அடைச்சேன்."

அப்படியானால் வாசலுக்கு இந்த லாரிதான் என்று அதிகாரி ஓட்டைகளை அளவெடுக்க டேப்பை நீட்டினார். சகலைக்கு அதை எங்கே வைப்பதென்று கூடத் தெரியவில்லை. மறுமுனையை நாலாவது ஓட்டையின் விளிம்பில் சரியாகப் பிடித்துக்கொடுத்தவர் ஃபிட்டர்தான்.