ஹட்டன் வரை இரண்டு தங்கூசிச் சுருள்கள்

அறுந்து போகாத நூல் நல்ல நூலா? போன செவ்வாய்க்கிழமை காலை பொகவந்தலாவையில் பஸ் ஏறியபோது இந்தக் கேள்வியோடுதான் ஏறினேன். இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

என் மடியில் இரண்டு தங்கூசிச் சுருள்கள் இருந்தன. தங்கூசி என்பது கண்ணாடி போலத் தெரியும் நைலோன் நூல். என் கணவர் அருள், நீர்கொழும்புப் பக்கம் ஒரு பல நாள் படகில் வேலை செய்கிறார். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர், கடலைக் கிட்டத்தில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஒரு முறை போனால் மூன்று நான்கு வாரம் ஆழ்கடலில் வாள்மீன் தேடுவார்கள். நீண்ட தாய்க்கயிற்றில் கிளைக்கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும், தூண்டில் முள்ளுக்கு முன்னால், ஒரு தடித்த தங்கூசித் துண்டு வரும். அதை ‘லீடர்’ என்கிறார்கள். மீனின் வாளும் உடம்பும் உரசுவது அந்தத் துண்டில்தான். லீவில் வரும்போது நூலைக் கொண்டுவந்து, தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் லயத்துக் காம்பரா வாசலில் உட்கார்ந்து லீடர் செய்வது அவருடைய வழக்கம்.

இந்த முறை இரண்டு வகை செய்திருந்தார். ஒன்று 1.6 மில்லிமீற்றர், மற்றது 2.1. ஒரு பயணத்துக்கு ஏதாவது ஒரு வகையைத்தான் போட வேண்டுமாம். கலந்து போட்டால், இருட்டில் இழுப்பவனுக்குத் தன் கையில் இருப்பது எது என்று தெரியாது. எதைக் கொண்டுவருவது என்பதைப் படகை ஓட்டும் ஸ்கிப்பர் இவரிடமே விட்டிருந்தார்.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன பயணத்தில் நடந்ததை இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சுனில் என்ற கூட்டாளி, படகோரம் வந்த ஒரு பெரிய மீனின் லீடரைக் கையில் சுற்றிப் பிடித்திருக்கிறார். மீன் திடீரென்று கீழே பாய்ந்தது. சுனில் விளிம்பு வரை இழுபட்டுப் போனார். அப்போது நூல் அறுந்தது. ஆள் தளத்தில் மல்லாந்து விழுந்தார், மீன் போய்விட்டது.

“மீனு போச்சேனு ஸ்கிப்பர் அழுகுறான், கை இருக்கேனு சுனில் அழுகுறான்” என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நூல் மெல்லியது. தடித்ததாக இருந்திருந்தால் அறுந்திருக்காதே?

“மெல்லிசானதையே கொண்டு போங்க” என்றேன்.

“மெல்லிசுல மீன் நிக்காதும்மா. மீன் இல்லாட்டி எதுக்குக் கடலுக்குப் போறேன்?”

இப்படி ஒரு வாரம். கடைசியில் “ஹட்டன் வரைக்கும் ரெண்டையும் கொண்டு வா, அங்க முடிவு பண்ணுவோம்” என்றார். அப்படித்தான் நானும் எங்கள் மூன்று வயது மகள் ஜெனியும் அவரைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடக் கிளம்பினோம்.

காலை ஆறு நாற்பது. பனி இன்னும் விலகவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பிக்கொண்டு போனது. பக்கத்து சீட்டில் கிளினிக்குக்குப் போகும் ஒரு அக்கா இருந்தார். சுருளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்னம்மா, துணி காயப்போடக் கொடி கட்டவா?”

“இல்லீங்கக்கா. மீன் பிடிக்க.”

“இம்புட்டு மொத்தத்துலயா? மீனா, யானையா?”

நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது. அக்கா யோசிக்கவே இல்லை. “மொத்தமானதக் குடு. அந்து போற கயிறு எதுக்குங்குறேன்?”

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். மேலே தொங்கிய மணிக் கயிற்றைக் காட்டினார். அதில் பல இடங்களில் முடிச்சு. “நான் சொல்றேன் மிஸ், மெல்லிசுதான் நல்லம். இதப் பாருங்க. வளைவுல ஆளுங்க புடிச்சித் தொங்குவாங்க. கயிறு அந்துரும், ஆளுக்கு ஒன்னும் ஆகாது. நான் கட்டிக்குவேன்.”

“ஒங்க பஸ்ஸுல மணி அடிச்சும் நிப்பாட்ட மாட்டீங்களே, அது என்ன கயிறு?” என்றார் அக்கா. பின்சீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இருவர் பேச்சும் சரியாகப் பட்டது.

நோர்வூட் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிந்தபோது ஜெனி, “இதுல வாள் வச்ச மீனு இருக்காப்பா?” என்று கேட்டாள். “இதுல இருக்குறது எல்லாம் கத்தி கூட இல்லாத மீனு பாப்பா” என்றார் அருள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் கேட்காமலே விளக்கத் தொடங்கினார். நூலின் தடிமனுக்குச் சரியான அலுமினியக் குழாய் போட்டு நெரிக்க வேண்டும். அதிகமாக நெரித்தால் நூலே நசுங்கும். முனையை லைட்டரால் சுட்டு ஒரு மணி போல உருட்ட வேண்டும், அப்போதுதான் வழுக்கிக்கொண்டு வராது. முள் மாட்டும் வளையத்துக்குள் சிறு பிளாஸ்டிக் குழாய் வைக்க வேண்டும்.

“ஒவ்வொரு மீனுக்கு அப்பறமும் தடவிப் பாக்கணும். கண்ணால இல்ல, வெரலால. சொரசொரன்னு இருந்தா வெட்டி எறியணும்.”

“எறியாம விட்டா?”

“அந்துரும்.”

“அது நல்லதா, கெட்டதா?”



எட்டு இருபதுக்கு ஹட்டன். மழைத் தூறல். அவருக்குக் கையுறை வாங்க ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் போனேன். கடைக்காரர் சுருள்களைப் பார்த்துவிட்டு, “இது புல்லு வெட்டுற மெசின் நூல்தானே? இத விட மொத்தமா நம்மகிட்ட இருக்கு” என்று சிவப்பு நிறத்தில் மூன்று மில்லிமீற்றர் நூலை எடுத்துப் போட்டார். ஒரு கணம் அதுவே சரியென்று தோன்றியது. அவ்வளவு தடிமன்!

அருள் அதை மடித்துக் காட்டினார். மடிந்த இடம் வெள்ளையாக வெடித்தது. “மொத்தமா இருந்தாப் போதுமா? இது புல்லத்தான் வெட்டும்.”

அப்படியானால் தடிமனும் கணக்கில்லையா? எனக்கு அதுவரை தெரிந்திருந்ததும் குழம்பிப் போனது.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் பிளேன் டீ குடித்தோம், ஒன்று ஐம்பது ரூபா. கொழும்பு பஸ் ஒன்பது பத்துக்கு. தாழ்வாரத்தில் இடம் இருந்தது. “வா, காட்டுறேன், பாத்தா ஒன் பயம் போயிரும்” என்று தடித்த லீடர் ஒன்றை உருவினார். மறு முனையை என் கையில் கொடுத்தார். “நீ மீனு. நான் நான்தான்.”

உள்ளங்கையைக் குறுக்காக ஒரு சுற்றுச் சுற்றினார். “ஒரு சுத்து போதும். பெருவெரல் உள்ள மாட்டக் கூடாது. காலடியில சுருள் கெடக்கக் கூடாது. இழு.”

இழுத்தேன். கையை விரித்தார். நூல் வழுக்கிக் கழன்றது. “இன்னொரு தடவ, நல்லா இழு. சாப்பிடலையா?” மறுபடியும் கழன்றது. எனக்கும் சிரிப்பு வந்தது. உண்மையாகவே பயம் கொஞ்சம் போனது.

அப்போது ஜெனி ஓடிவந்து நூலைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்தாள். அருள் கையை விரித்தார். நூல் கழலவில்லை. அவர் கை நூலோடு வந்தது, உடம்பும் ஒரு எட்டு வந்தது. நூல் அவருடைய கல்யாண மோதிரத்துக்கு அடியில் புகுந்திருந்தது. விரல் வெளுத்துவிட்டது.

மகளை விலக்கி நூலைத் தளர்த்தினேன்.  பிறகு மெல்லிய லீடரை எடுத்து அதே மாதிரிப் பிடிக்கச் சொன்னேன். அதுவும் மோதிரத்தில் மாட்டியது, இன்னும் ஆழமாகக் கடித்தது. என் பலத்துக்கு அது அறவும் இல்லை.

“அங்க கையொற போட்டிருப்பேம்மா.”

“எந்நேரமுமா? வெரலால தடவிப் பாக்கும்போது?”

அவர் வெளுத்த விரலைத் தேய்த்துக்கொண்டார்.

“மோதிரத்தக் கழட்டுங்க.”

“மாதா கோயில்ல சாமியார் முன்னால போட்டது. ஒரு நாளும் கழட்டல.”

“தெரியும். நான்தானே போட்டேன்.”

கடைக்காரரிடம் சவர்க்காரம் கேட்டேன். விரலில் நுரை தேய்த்துத் திருகித் திருகி எடுக்க வேண்டியிருந்தது. மோதிரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம். ஜெனி அதைத் தொட்டு, “அப்பாவுக்குப் புண்ணு” என்றாள்.

பஸ் புறப்படப் போகிறது என்று ஒருவர் கத்தினார். மிதிபலகையில் ஏறி நின்று அவர் கையை நீட்டினார். “எத?”

அந்த நேரத்தில் எனக்கு எந்த நியாயமும் நினைவில் இல்லை, அக்கா சொன்னதும் இல்லை, கண்டக்டர் சொன்னதும் இல்லை. என் கை தடித்த சுருளைக் கொடுத்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. மோதிரம் கழன்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்திருக்கலாம். அவர் மீனோடு வர வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்திருக்கலாம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பினோம். பக்கத்துக் காம்பரா லூர்து அக்கா என் கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்துவிட்டு, “கடலுக்குப் போற மனுசன மோதிரம் இல்லாமலா அனுப்புன?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அன்று இரவு அதை என் பெருவிரலில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் மலையில் கட்டுகிற எதுவும் அறக்கூடாது. கூரைத் தகரத்தை இழுத்துக் கட்டிய கம்பி, மாட்டுக் கயிறு, விறகுக் கட்டு, எது அறுந்தாலும் நஷ்டம்தான். கடலில் அப்படி இல்லையோ என்று நினைக்கிறேன். ஒரே நூல் மீனையும் பிடிக்கிறது, ஆளையும் பிடிக்கிறது. எதை எப்போது விடுவது என்று அதற்குத் தெரியாது.

படகு வியாழக்கிழமை போய்விட்டது. இனிக் கரைக்கு வரும்வரை அவருடைய குரல் கேட்காது. மெல்லிய சுருள் ஆணியில் தொங்குகிறது, மோதிரம் என் பெருவிரலில் கிடக்கிறது. ஜெனி சோறு உண்ணும்போதெல்லாம் அதைத் திருகிப் பார்க்கிறாள்.

கடலுக்கு ஆள் அனுப்பும் வீட்டுக்காரர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். தடித்ததைக் கொடுத்தது சரியா? உங்கள் வீட்டு ஆண்கள் மோதிரத்தோடு போகிறார்களா, கழற்றிவிட்டுப் போகிறார்களா? கழற்றினால், அவர்கள் திரும்பி வரும்வரை அதை எங்கே வைப்பீர்கள்? அடுத்த முறை அவர் லீவில் வந்து இன்னொரு சுருளோடு வாசலில் உட்காருவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.