குதிரை இல்லாத கௌபாய்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தவரை வைத்து நான் ஒரு கௌபாய் படம் எடுத்தேன். அவருக்கு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. எனக்கு கவுன்சிலில் டைப் அடிக்கிற வேலை. சினிமா பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிறு மத்தியானம் டிவியில் போகும் கௌபாய் படங்கள்தான்.

அந்தப் படங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தேன். சில இயக்குநர்கள் திரும்பத் திரும்ப ஒரே நடிகரைத்தான் வைத்துக்கொள்வார்கள். வேறு படங்களில் வெறும் அழகனாக வந்துபோகிறவர், அந்த இயக்குநரிடம் வந்ததும் வாசற்கதவில் சாய்ந்து நின்றாலே கதை நகரும்.

"இது ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிற வேலை அண்ணை," என்றேன் மேலறைக்காரரிடம்.

"அப்ப நாங்களும் செய்து பாப்பமோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். நான் பகிடியாக எடுக்கவில்லை.

என் கணவர் தன்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் வீடியோ கமரா இரவல் வாங்கித் தந்தார். குதிரைக்கு வழியில்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு சேணம் அகப்பட்டது. குதிரை செத்துப்போனவன் சேணத்தைத் தோளில் சுமந்து ஊர் தேடி நடக்கிறான் என்று கதையை மாற்றினேன்.

வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளியில் முதல் நாளே சண்டை. அண்ணை நாலு பக்க வசனம் பாடமாக்கி வந்திருந்தார். நான் ஒரு வரிகூடப் பேச விடவில்லை.

"கதைக்காமல் என்னெண்டு தங்கச்சி நடிக்கிறது? ஊமை எண்டெல்லோ நினைப்பினம்!"

"நினைக்கட்டும். சேணத்தை இறக்கி வைச்சிட்டு அதைப் பாருங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"என்னால ஏலாது!" சேணத்தைத் தொப்பென்று போட்டுவிட்டுப் புல்லில் குந்தினார். தோளைத் தேய்த்தார். பிறகு அந்தச் சேணத்தை ஒரு பார்வை பார்த்தார். கமராவை நான் நிறுத்தியிருக்கவில்லை.

பின்னேரம் வீட்டில் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "இது நான்தானோ?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வசனம் கேட்கவில்லை. "இந்த இடத்தில நான் திரும்பாமலே நிண்டால் என்ன?" என்று கேட்கத் தொடங்கினார். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருந்தது.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் கலைவிழாவுக்குப் படம் கேட்டது. மூன்று பேர் வந்து எங்கள் முன்னறையில் இருந்து பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"படம் பரவாயில்லை. ஆனா பொம்பிளை ஒராள் கௌபாய் படம் எடுத்தது எண்டு நோட்டீஸில போட ஏலாது. உங்கட அவரின்ரை பேரைப் போடுவம். கடைசியில ஒரு பாட்டும் சேருங்கோ."

"நான் கமரா வாங்கிக் குடுத்ததோட சரி," என்றார் என் கணவர்.

"அப்ப படம் வராது," என்றேன்.

தலைவர் நடிகர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கோ. படம் முழுக்க உங்கட முகம்தானே."

அண்ணை எழுந்துபோய் வீடியோ டெக்கிலிருந்து கசெற்றை எடுத்தார். "முகம் என்ரை. அதை என்ன செய்யிறது எண்டு இவவுக்குத்தான் தெரிஞ்சது. இவவின்ரை பேர் இல்லாத இடத்தில என்ரை முகமும் வராது."

நாங்களே நூலகத்தில் ஒரு சின்ன அறை கேட்டு எடுத்தோம். நோட்டீஸைக் கையால் எழுதினேன். என் பெயரைப் பெரிதாகவே எழுதினேன். பதினாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், "அங்க சண்டையில ஊர் எரியேக்க உங்களுக்கு வெள்ளைக்காரன்ரை விளையாட்டோ?" என்றார். ஊர் எரிந்ததால்தான் நானும் நாட்டைவிட்டு வந்து அந்த அறையில் நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. "எனக்கு இது பிடிச்சிருக்கு," என்றேன்.

தொண்ணூறுகளில் மேலும் நாலு படம் எடுத்தோம். அண்ணை கலியாணம் முடித்து லண்டனின் மறுபக்கம் ஹரோவுக்குப் போன பிறகும், லீவு நாளில் ட்ரெயின் மாறி மாறி வந்து நின்றார். ஐந்தாவது படத்துக்குச் சங்கம் மறுபடி வந்தது. இந்த முறை பெயரைப் போடச் சம்மதம். அச்சடித்த நோட்டீஸைப் பார்த்தால் 'இயக்க உதவி' என்று என் பெயர். சங்கச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணையும் பக்கத்தில் வந்து நின்றார், படத்தில் நிற்பதுபோல், வசனம் இல்லாமல். நோட்டீஸ் கட்டு முழுவதையும் 'இயக்கம்' என்று திருத்தித் திரும்ப அச்சடித்தார்கள்.